குழி வெட்டாத புல்தரை

தருமபுரம், கிளிநொச்சி
2025 ஜனவரி 12

தம்பி யோகநாதனுக்கு,

நேற்றுக் காலை வினோதன் என்று ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். படலையைத் திறந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வளவின் கிழக்குப் பக்கம் போய் நாடாவை இழுத்து அளக்கத் தொடங்கினான். யாரடா நீ என்று கேட்டேன்.

"கனடா ஐயா சொல்லித்தான் வந்தனான். இஞ்சை கோல்ஃப் புல்லு விரிக்கோணுமாம்" என்றான்.

கனடா ஐயா யார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நீதான்.

அவன் போனில் படம் காட்டினான். பிளாஸ்டிக் புல். பாய் மாதிரிச் சுருட்டி வருமாம். மண்ணை வெட்டி எடுத்து, கிரவல் போட்டு, கல்தூள் போட்டு, ரோலரால் இறுக்கி அதன் மேல் விரிப்பார்களாம். நடுவில் ஒரு குழி. ஒரு கம்பால் பந்தைத் தட்டி அந்தக் குழிக்குள் விழுத்த வேண்டுமாம். இதற்காக ஒருவன் கடல் கடந்து ஆள் அனுப்புவான் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நீ போனில் எடுத்தால் இனி நான் பேச மாட்டேன். போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவில்லை என்று மாற்றலாம். எழுத்தில் சொல். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சீனி சுற்றி வந்த பேப்பரைப் படித்துப் பழகிய எழுத்து இது. வளைத்து எழுத வராது. நேராகவே எழுதுகிறேன்.

அது என் மகன் ரஜிதனின் நிலம். அவன் வீடு கட்டுவதற்கென்று 2008 தையில் அந்த இடத்தில்தான் நாட்கல் வைத்தோம். வடகிழக்கு மூலையில், பாலும் நவதானியமும் இட்டு, அவனே தன் கையால் கல்லை இறக்கினான். அதற்குமேல் ஒரு கல் வைக்க நமக்குக் காலம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கடைசி யுத்தத்தில், மாத்தளனில் அவனைப் பிரிந்தோம். இன்றுவரை அவன் காணாமல் போனவன். செத்தவன் என்று ஒருவரும் என்னிடம் காட்டவில்லை. அந்தக் கல் பாதி மண்ணுக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதற்குச் சுண்ணாம்பு பூசுகிறேன். அந்த நிலத்தில் புல் முளைக்க விடாமல் நாள் தவறாமல் பிடுங்குகிறேன். அவன் வரும்போது காடாய்க் கிடக்கக் கூடாது.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

இன்னும் ஒன்று. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் துரைமார் பந்து அடித்த மைதானத்தில் அப்பா அவர்களுடைய பையைத் தோளில் சுமந்து பின்னால் நடந்தார். பந்து புதருக்குள் விழுந்தால் அட்டை கடிக்கக் கடிக்கத் தேடி எடுத்துக் கொடுத்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கி இங்கே வந்து, காடு வெட்டி, முதன்முதலாக நமக்கென்று ஒரு நிலம் எடுத்தார். அதற்குள் அந்தக் குழியைக் கொண்டுவரவா நினைக்கிறாய்?

உனக்கு அது வேண்டுமென்றால் பின்பக்கம் கிணற்றடியில் போடு. கிழக்குப் பக்கம் கால் வைக்காதே.

அண்ணன்
கணபதி


பிரம்டன், கனடா
2025 பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணன்,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தேன். நீங்கள் என்னைத் திட்டி எழுதியதும் நல்லதுதான். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்.

உங்களைக் கேட்காமல் வினோதனை அனுப்பியது என் பிழை. வீட்டில் ஒருவரையும் கேட்காமல் நானே முடிவெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். நான் இங்கே என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. தோட்ட வேலை என்று மட்டும் சொன்னேன். அது கோல்ஃப் மைதானம்தான். விடிய முன்னம் போய் குழிகளைச் சுற்றிப் புல் வெட்டுவேன். கம்பளம் மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த புல் மறுபக்கம் சாய்ந்தால் பந்து திரும்பிவிடும், உறுப்பினர்கள் முறைப்பாடு எழுதுவார்கள். அப்பா சுமந்தார், நான் வெட்டினேன். பின்னேரத்தில் ஆட்கள் எல்லாரும் போனபிறகு, எங்கள் மேற்பார்வையாளர் நல்ல மனுசன், கொஞ்ச நேரம் விளையாடுங்கடா என்று விடுவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அண்ணன் நான் இந்தக் குளிரில் இத்தனை வருடம் நின்றேன். பந்து குழிக்குள் விழுகிற சத்தம் ஒன்று இருக்கிறது. அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. ஓகஸ்டில் வந்துவிடுகிறேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. வந்து கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருக்க முடியாது. எனக்கென்று ஒரு சின்னப் புல்தரை, அவ்வளவுதான்.

கிணற்றடியை நானும் யோசித்தேன். ஆனால் மாரியில் அங்கே தண்ணீர் நிற்கும். இந்தப் புல்லுக்கு அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. மரங்களின் வேரும் அந்தப் பக்கம் ஓடுகிறது. வளவில் மட்டமாக, இறுகி, வேரில்லாமல் கிடக்கிற நிலம் கிழக்குப் பக்கம் மட்டும்தான். நீங்கள் அதை அப்படி வைத்திருக்கிறீர்கள்.

கல்லில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள், அண்ணன். அந்த மூலையை விட்டுத்தான் அளக்கச் சொல்வேன். ரஜிதன் பிறகு வந்து வீடு கட்டுவதென்றால் புல்லைச் சுருட்டி எடுத்துவிடலாம். ஒரு நாள் வேலை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
யோகநாதன்


தருமபுரம்
2025 மார்ச் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ பட்ட பாடு எனக்குத் தெரியாமல் போனது வருத்தம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடியாது என்றால் முடியாது.

சுருட்டி எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். ஒருவன் வருவான் என்று நம்புகிறவன் அவனுடைய இடத்தில் வேறொன்றை விரித்துவிட்டு, வந்தால் சுருட்டலாம் என்று சொல்ல மாட்டான்.

வினோதன் மறுபடியும் வந்தான். உள்ளங்கை அளவில் ஒரு துண்டுப் புல்லைக் கொண்டுவந்து, தொட்டுப் பாருங்கோ ஐயா என்று நீட்டினான். நான் தொடவில்லை. பக்கத்து வளவுப் பரமலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "கணபதியண்ணை, இதை மாடு திண்டா பால் பைக்கற்றிலையோ வரும்?" என்று கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சங்கக் கடையில் என்னை இப்போது மைதானத்துக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். இதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. புல் எது, நாற்று எது என்று தடவித்தான் பார்க்கிறேன். வவுனியா ஆசுபத்திரியில் ஏப்ரலில் வெட்டத் திகதி தந்திருக்கிறார்கள். நான் பிறகு பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். உன் அண்ணி விடவில்லை. இந்த முறை போகாவிட்டால் சமைக்க மாட்டேன் என்று நின்றாள். வெட்டியபிறகு வெயிலும் தூசியும் படக்கூடாதென்று தன் தங்கை ராஜினி வீட்டிலேயே இரண்டு கிழமை தங்கிவிட்டு வரச் சொல்கிறாள். ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று அவள் வரவில்லை.

ஆகவே கேட்டுக்கொள். நான் வவுனியாவிலிருந்து திரும்பும்வரை அந்த நிலத்தில் ஒரு பிடி மண் அசையக் கூடாது. வந்தபிறகும் அசையாது. ஆனால் அதை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

கணபதி


பிரம்டன்
2025 மார்ச் 27

அன்புள்ள அண்ணன்,

இது சின்னக் கடிதம். நீங்கள் ஆசுபத்திரிக்குப் போகமுன் கிடைக்க வேண்டுமென்று அவசரமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே ஆகட்டும். ஒன்றும் நடக்காது. மனதில் ஒன்றையும் வைக்காமல் கண்ணைப் பாருங்கள். டொக்டர் குனியாதே என்றால் குனியாதீர்கள். பாரம் தூக்காதீர்கள். முக்கியமாக வெயிலுக்குள் போய் நிலத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்க வேண்டாம்.

வேறு சில விசயம் எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். நேரில் பேசுவோம்.

யோகநாதன்


தருமபுரம்
2025 மே 5

யோகநாதனுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, புதுக் கண்ணால் நான் முதலில் வடிவாகப் பார்த்தது உன் பச்சையைத்தான். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் ஒரு இலை கூட அந்த நிறத்தில் இருக்காது. கிழக்குப் பக்கம் முழுக்க விரித்துக் கிடக்கிறது. ஓரத்தில் கம்பி அடித்து இறுக்கி, மேலே மணல் தூவி, தும்புத்தடியால் வாரிவிட்டிருக்கிறார்கள். கை வைத்தேன். தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

மூலைக்குப் போனேன். கல் இல்லை. கல் நின்ற இடத்திலும் புல்.

உன் பெப்ரவரிக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. கல்லில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள், அண்ணன். உன் மார்ச் கடிதமும் இருக்கிறது. ஒன்றும் நடக்காது. நான் எழுத்தில் கேட்டது எவ்வளவு நல்லதென்று பார்.

வினோதனைக் கூப்பிட்டு விட்டேன். வந்தான். பயந்துபோய்த்தான் நின்றான். பெக்கோ இயந்திரத்தால் மண்ணை வழித்துக்கொண்டு போனபோது மூலையில் வெள்ளையடித்த கல்லைக் கண்டிருக்கிறான்.

"மிதிவெடி எடுத்த ஆக்கள் விட்டுட்டுப் போன அடையாளமெண்டு நினைச்சிட்டன் ஐயா. பெக்கோவை நிப்பாட்டிப் போட்டு, பெடியளை றோட்டுக்கு அனுப்பிப் போட்டு, கனடா ஐயாவுக்குப் போன் எடுத்தனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"அது வெடியில்லை, வீட்டுக் கல்லு, பயப்பிடாதை எண்டவர்."

அதற்குமேல் என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான். மிச்சத்தை நானே விளங்கிக்கொண்டேன். ஊர் தெரியாத ஒருவன் அந்தக் கல்லுக்குப் பயந்து நின்றிருக்கிறான். அது என்ன கல்லென்று தெரிந்த நீ, தூக்கச் சொல்லியிருக்கிறாய்.

கல் எங்கே என்று உன் அண்ணியைக் கேட்டேன். தம்பியையே கேளுங்கோ என்றாள். உடனே எழும்பி ஆடுகளிடம் போய்விட்டாள். அவளையும் பயப்படுத்தி வைத்திருக்கிறாய் போல.

ஒருவன் கண் தெரியாமல் ஆசுபத்திரியில் கிடக்கும் நேரம் பார்த்து அவன் மகனுடைய நிலத்தை வழித்தெடுத்தவனுக்கு நான் அண்ணன் இல்லை. நீ ஓகஸ்டில் வா. வந்து வேறு எங்காவது இரு. கண்ணுக்கு மருந்து முடிந்ததும் இதைக் கிழித்து றோட்டில் போடுவேன்.

கல் எங்கே என்பதை மட்டும் எழுது.

கணபதி


பிரம்டன்
2025 மே 26

அண்ணன்,

நீங்கள் அண்ணன் இல்லையென்று எழுதினாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்.

சொல்வதில்லை என்று அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உங்கள் கடிதத்தை அண்ணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். சரி எழுது என்று சொன்னா. அதனால் எழுதுகிறேன்.

போன புரட்டாசியில் நீங்கள் அந்த நிலத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்து மயங்கி விழுந்தீர்கள். உங்களுக்கு அது சின்னத் தலைச்சுற்று. நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை. உங்களைக் கண்டது அண்ணி. முகம் மண்ணுக்குள் இருந்ததாம். கூப்பிட்டும் அசையவில்லையாம். பரமலிங்கம் வீட்டிலும் ஆளில்லை. தனிய, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாவாம். தண்ணீர் தெளித்து நீங்கள் கண்ணைத் திறந்ததும், மிச்சப் புல்லைப் பற்றித்தான் கேட்டீர்களாம்.

அதற்குப் பிறகு ஒருநாள் அண்ணி எனக்குப் போன் எடுத்தா. நான் அதற்கு முதலே என் புல்தரைக் கதையை அவவுக்குச் சொல்லியிருந்தேன், கிணற்றடியில் மண் போட்டு உயர்த்திச் செய்யலாம் என்ற எண்ணத்தில். அண்ணி கேட்டா, "அதுக்குக் கீழ புல்லு முளைக்காதோ?" முளைக்காது அண்ணி, துணி விரித்துத்தான் போடுவார்கள் என்றேன். அப்படியென்றால் கிழக்குப் பக்கம் போடு என்றா. நான் முடியாது என்றேன். சத்தியமாக, அண்ணன். அப்போது அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, மகனைத் துலைச்சிட்டு நிக்கிறன். அவன்ர நிலத்திலை புல்லுப் புடுங்கிப் புடுங்கி இந்த மனுசனும் போயிட்டா நான் ஆரோட இருந்து அவனைப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

அதற்குப் பிறகுதான் நான் சரி என்றேன்.

கண் ஒப்பரேசனுக்கு உங்களை அனுப்பியதும், ராஜினி வீட்டில் தங்க வைத்ததும் அவதான். வினோதன் போன் எடுத்தபோது கல்லை விட்டுச் சுற்றிப் போகச் சொன்னேன். அண்ணி அவனிடமிருந்து போனை வாங்கி, கல் நின்றால் அதைச் சுற்றிப் புல் வரும், அந்த மனுசன் அதற்கும் குந்தும் என்றா. பிறகு வேலைக்கு நின்ற பெடியளை விலத்திவிட்டு, தானே அலவாங்கு எடுத்து நெம்பினாவாம். ஒருவரையும் தொட விடவில்லையாம். கல்லை எங்கே வைத்தா என்று என்னிடமும் சொல்லவில்லை.

பொய் எழுதியது நான். அதை அண்ணியின் தலையில் போடவில்லை. எனக்கும் அந்தப் புல்தரை வேண்டியிருந்தது. ஆசை இல்லாதவன் இன்னும் கொஞ்சம் உறுதியாக மாட்டேன் என்று சொல்லியிருப்பான்.

நீங்கள் கிழிப்பதென்றால் கிழியுங்கள். டிக்கெட் ஓகஸ்ட் இரண்டாம் கிழமைக்குப் போட்டாகிவிட்டது. கிளிநொச்சியில் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறேன்.

யோகநாதன்


தருமபுரம்
2025 ஜூன் 24

யோகநாதனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். உன் அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்லை எடுத்தது நீயா என்று கேட்டேன்.

"ஓம். நான்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியோ?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?"

"விட்டிருக்க மாட்டன்."

"அதுதான் கேக்கேல்லை" என்றாள். கீரையில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் ஒன்றாய் இருந்திருக்கிறோம். முள்ளிவாய்க்கால் வரைக்கும் நான் உடுத்த ஒரே சாரத்தை இரண்டாகக் கிழித்து விரித்துப் படுத்தோம். அவள் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நீ தூரத்தில் இருந்தவன். தூரத்தில் இருப்பவன் துரோகம் செய்தால் கோபம் வரும். இவள் என் கண்ணுக்கு நாலு நேரமும் மருந்து விடுகிறவள். மருந்து விடும்போது அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறேன். கல்லைக் காணாமல் நான் வளவெல்லாம் தேடித் திரிந்த நாட்களிலும் அதே கையால்தான் விட்டாள்.

கல் எங்கே என்று மறுபடியும் கேட்டேன். எழும்பிப் போய் ரஜிதனின் அலுமாரியைத் திறந்தாள். அந்த அலுமாரியை நான் திறப்பதில்லை. உள்ளே அவனுடைய சட்டைகள் தோய்த்து மடித்து அடுக்கியபடி இருந்தன. பூச்சிக்குண்டு மணம் புதிதாக அடித்தது. சட்டைகளுக்குக் கீழ்த் தட்டில், அவனுடைய சாரத்தில் சுற்றி, கல்லைப் படுக்க வைத்திருந்தாள். மண்ணைக் கழுவித் துடைத்திருந்தாள்.

நான் வெளியில் புல்லுப் பிடுங்கிய காலமெல்லாம் இவள் உள்ளே இந்தச் சட்டைகளைத் தோய்த்து மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் அவள் வைத்தது ஒன்றா இரண்டா என்று நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக மனம் இளகிவிட்டது என்று நினைக்காதே. அவளோடு பேசுகிறேன், சாப்பிடுகிறேன். செய்தது செய்ததுதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை, பாரம் தூக்கக் கூடாதென்று டொக்டர் சொன்ன காலம் முடிந்திருந்தது, கத்தியால் வடகிழக்கு மூலைப் புல்லை நாலு பக்கமும் வெட்டி எடுத்தேன். துணியையும் வெட்டினேன். கல்தூளைத் தோண்டி, கல்லைப் பழைய இடத்தில் இறக்கினேன். பாலும் நவதானியமும் நானே இட்டேன். உன் அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவுமில்லை, கை கொடுக்கவுமில்லை. சுண்ணாம்பு பூசும்போது மட்டும் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மிச்சத்தைக் கிழிக்கவில்லை. அவளுக்காக என்று எடுத்துக்கொள். உனக்காக அல்ல.

உன் குழியை நான் முதலில் காணவில்லை. மூலையை வெட்டிய பிறகு பச்சையின் மேல் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். நடுவில் ஓரிடம் குதிக்காலுக்குக் கீழே மெத்தென்று இறங்கியது. வினோதனைக் கேட்டேன். குழிக்குள் வைக்கிற கிண்ணத்தை முன்னமே கல்தூளில் பதித்து அதன் மேல் புல்லை விரித்திருக்கிறானாம். கனடா ஐயா வந்து தன் கையால் வட்டமாக வெட்டித் திறக்க ஆசைப்பட்டாராம்.

ரஜிதனின் நிலத்தில் குழி வெட்ட நான் விடமாட்டேன். மாத்தளனில் செத்தவர்களைப் புதைக்க எத்தனை குழி வெட்டினோம் என்று உனக்குத் தெரியாது. நீ அங்கே நிற்கவில்லை. அவனுக்கென்று மட்டும் நான் ஒரு குழியும் வெட்டவில்லை. இத்தனை வருடமும் வெட்டாதவன் இப்போதும் வெட்ட மாட்டேன், பந்துக்கென்றாலும்.

ஆகவே ஓரத்துக் கம்பிகளைப் பிடுங்கி, புல்லைப் பாதிவரை சுருட்டி, கிண்ணத்தைத் தோண்டி எடுத்தேன். கல்தூள் போட்டு, தண்ணீர் தெளித்து, மண் இறுக்கும் கட்டையால் நானே இடித்து மட்டமாக்கினேன். புல்லைப் பழையபடி விரித்துவிட்டேன். வினோதன் வந்து பார்த்துவிட்டு, "குழியில்லாமல் இது என்ன விளையாட்டு ஐயா?" என்று கேட்டான். அது கனடா ஐயாவுடைய பாடு என்றேன்.

கிளிநொச்சியில் யாரோ வீட்டில் போய்க் கிடக்க வேண்டாம். ஊர் சிரிக்கும். இங்கே வந்து இரு. மேற்குப் பக்க அறையை உன் அண்ணி கழுவி வைத்திருக்கிறாள். சாப்பாடு போடுவோம். நான் உன்னோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. காலையில் உன் கம்பையும் பந்தையும் எடுத்துக்கொண்டு உருட்டு. அது உருண்டு போய்க் கல்லில் முட்டினால் எடுத்து வந்து மறுபடி உருட்டு. விழுவதற்கு இடமில்லை.

கல்லைச் சுற்றி நான் வெட்டிய இடத்தில் நேற்றுக் கோரை தலைகாட்டியது. குந்தியிருந்து பிடுங்கினேன். உன் அண்ணி கண்டுவிட்டாள். உள்ளே போய்க் கதிரையையும் குடையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

உன் கிண்ணம் பத்திரமாக இருக்கிறது. அலுமாரியில், கல் இருந்த தட்டில், அதே சாரத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ரஜிதன் வந்து, சித்தப்பாவுக்கு ஒரு குழி வெட்டிக் கொடுங்கோ அப்பா என்று சொன்னால், அன்றைக்கு நானே வெட்டித் தருவேன்.

கணபதி